வீட்டு மனு எழுதித் தரும் அக்கா கடை, சுங்கை சிப்புட்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கீழே தையல் கடை, மேலே ஏறினால் பாரம் (மனுப் படிவம்) நிரப்பி, டைப் அடித்துத் தரும் ஓர் அக்காவின் கடை. பலகை சின்னது, கேட்டுத்தான் போக வேண்டும். மலிவு விலை வீட்டுக்கு மனு போட இரண்டு தடவை போனோம், மொத்தம் 30 வெள்ளி (ரிங்கிட்) செலவானது. அந்த 30 வெள்ளிக்கு என்ன கிடைத்தது என்று விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் தோட்டத்து ஆட்கள் நிறைய பேருக்கு வீடு கிடைக்காமல் போவது இந்தச் சம்பளக் கணக்கில்தான்.

போன வருடம் வேறு ஒருவரிடம் 150 வெள்ளி கொடுத்து மனு எழுதினோம். அவர் என் வீட்டுக்காரர் கையில் வாங்கும் சம்பளத்தை மட்டும் எழுதினார். நான் தொழிற்சாலையில் வேலை செய்வதைச் சொன்னபோது, "அதை எழுதாதீங்க, வரம்பு தாண்டிடும்" என்றார். விவரம் தெரிந்தவர் சொல்கிறார் என்று நம்பி நாங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். நேர்முகத்தில் என் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கையைக் கேட்டார்கள். மாதாமாதம் என் பெயரில் பணம் கட்டியிருப்பது அதில் அப்படியே இருக்கிறது. மனு தள்ளுபடி. வீட்டுக்காரர் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. அவருக்கு 60 வயது ஆக இன்னும் நான்கு வருடம்தான், வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அப்புறம் எங்கே போவது?

இந்த அக்கா பேனாவையே எடுக்கவில்லை. முதலில் கேட்டது, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், யார் சம்பாதிக்கிறார்கள், ஒரே அடுப்பா, தனித்தனி சமையலா என்று. பாரத்தில் 'பெண்டாப்பாத்தான் இசி ரூமா' என்று ஒரே வரிதான் இருக்கிறது, ஆனால் குடும்ப வருமானம் என்ற அந்த வார்த்தைக்கு எல்லா இடத்திலும் ஒரே அர்த்தம் கிடையாதாம். அரசாங்கம் தரும் எஸ்டிஆர் உதவிப் பணத்துக்குக் கணவன் மனைவி இரண்டு பேர் வருமானத்தைத்தான் கூட்டுவார்கள், வேலைக்குப் போகும் வயது வந்த பிள்ளை அந்தக் கூட்டலில் வரமாட்டான். பி40 (வருமானத்தில் கீழே உள்ள 40 விழுக்காட்டுக் குடும்பங்கள்) என்று எல்லோரும் சொல்கிறோமே, அது புள்ளிவிவரத் துறையின் கணக்கு. அங்கே ஒன்றாக இருந்து செலவைப் பகிர்ந்துகொள்ளும் எல்லோருடைய வருமானமும் சேரும், 2022 ஆய்வின்படி மாதம் 5,250 வெள்ளிக்குக் கீழே இருந்தவர்கள்தான் பி40. அதனால் 'நான் எஸ்டிஆர் வாங்குகிறேன், வீடும் கிடைக்கும்' என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது, ஒவ்வொரு பாரத்திலும் யாரைக் கூட்டச் சொல்கிறார்கள் என்று படித்துப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் பெரியவன் ஈப்போவில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறான், ஆனால் ஐசியில் (அடையாள அட்டையில்) இன்னும் தோட்டத்து முகவரிதான் இருக்கிறது. அதை மாற்றிவிட்டு வாருங்கள் என்று எங்களைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது தடவை போனது அதற்குத்தான்.

அடுத்தது மொத்தச் சம்பளமா, கையில் வருவதா என்ற விஷயம். மொத்தச் சம்பளத்தைத்தான் எழுத வேண்டும், இபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடித்ததற்கு அப்புறம் உள்ளதை அல்ல. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. இபிஎஃப் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போய், சொக்சோவும் போனால் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. கணவனும் மனைவியும் இதே சம்பளம் வாங்கினால் வீட்டுக்கு வருவது 3,000, பாரத்தில் எழுத வேண்டியது 3,400. பிபிஆர் என்ற அரசாங்க மலிவு வீட்டுக்கு ரொம்ப காலமாக இருந்த வரம்பு 3,000 வெள்ளி என்பதை நினைத்துப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தாலே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள்! இது நியாயமே இல்லை என்று நான் கோபமாகச் சொன்னேன். அக்கா மறுக்கவில்லை, ஆனால் பொய் எழுதவும் ஒத்துக்கொள்ளவில்லை, வரம்பு இதைவிட அதிகமாக உள்ள மாநிலத் திட்டத்தின் பாரத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

இந்தக் கடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது வீட்டுக்காரர் சம்பளத்தை அக்கா பார்த்த விதம். வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறார், சம்பளம் எடைக்குத்தான், அதனால் மாதத்துக்கு மாதம் மாறும். வருடக் கடைசியை ஒட்டிக் குலை நிறைய விழும், வருடத் தொடக்கத்தில் குறைந்துவிடும், மழை பெய்தால் இன்னும் மோசம். நாங்கள் கொண்டுபோன மூன்று மாதச் சம்பள ஸ்லிப்பும் நல்ல சீசனில் வந்தவை, 2,450, 2,600, 2,400. சராசரி 2,483. அக்கா அதைத் தள்ளி வைத்துவிட்டு, முழு வருடச் சம்பளத்தைக் காட்டும் இஏ பாரம் எங்கே என்று கேட்டார். முழு வருடக் கூலி 24,600, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 2,050. மாதம் 433 வெள்ளி வித்தியாசம்! இஏ பாரத்தோடு பன்னிரண்டு மாத ஸ்லிப்பையும் சேர்த்து வைத்து, கூலி எடைக்கு ஏற்ப மாறும் என்று தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தரிடம்) ஒரு கடிதம் வாங்கி இணைக்கச் சொன்னார். கிராணி மறுநாளே எழுதிக் கொடுத்தார், இத்தனை வருடமாக இப்படி ஒரு கடிதம் கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாது.

மாமனாருக்கு வரும் சொக்சோ பென்சனை மறைக்கவும் இல்லை, எங்கள் சம்பளத்தோடு கூட்டவும் இல்லை. அவர் பெயரோடு தனி வரியாக எழுதினார். எதைச் சேர்ப்பது என்று அதிகாரி முடிவு செய்யட்டும், நம் பக்கம் எல்லாம் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது அவர் வழி. என் தங்கை சாயங்காலத்தில் தோசைக் கடை போடுகிறாள், ஸ்லிப் கிடையாது. அவளுக்குத் தினமும் வரவு செலவு எழுதிய நோட்டையும் வங்கிக் கணக்கையும் வைத்து வருமானம் போட்டு, சத்தியப் பிரமாணம் செய்யும் இடத்துக்கு அனுப்பினார். நிலையான சம்பளம் இல்லாதவர்களின் வீட்டுக் கடனுக்கு அரசாங்கம் உத்தரவாதம் தரும் எஸ்ஜேகேபி பற்றியும் அங்கேதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டாள்.

குறையும் உண்டு. உட்கார இரண்டே நாற்காலி, படிக்கட்டு செங்குத்து, மாமனாரை ஏற்றவே முடியவில்லை. நகல்களில் முத்திரை வாங்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால் என் அரை நாள் சம்பளம் போயிருக்காது. போன் செய்தால் எடுப்பதும் அரிது. ஆனாலும் யார் கேட்டாலும் அங்கேதான் போகச் சொல்வேன்.

போகிறவர்கள் வேலைக்குப் போகும் எல்லோருடைய ஐசி, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், இஏ பாரம், இபிஎஃப் அறிக்கை, கிடைக்கிற எல்லா ஸ்லிப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். சம்பள நாளுக்கு அடுத்த நாள் கூட்டம் அதிகம், வாரத்தின் நடுவில் காலையில் போனால் நிதானமாக உட்கார்ந்து பேசுவார். எங்கள் மனு போய் ஆறு வாரம் ஆகிறது, இன்னும் பதில் இல்லை. இந்தத் தடவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் அதே கோப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருமே போவோம்.