ஓஷினென் ஏரி: முதலில் நடை, பிறகு நீச்சல்

சுவிஸ் நாட்டின் காண்டர்ஸ்டெக் ஊருக்கு மேலே, 1,578 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓஷினென் ஏரி. மலை நடையும் நீச்சலும் ஒரே நாளில் முடிய இது அருமையான இடம். கொண்டோலா எனும் கம்பிவட வண்டியில் ஏறி, கரையில் படம் பிடித்துவிட்டு உடனே இறங்குபவர்களுக்குக் கொடுத்த காசில் பாதிதான் தேறும்.

பேர்ணிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நிலையத்திலிருந்து கொண்டோலா அடிவாரத்துக்கு நடந்தே போகலாம். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள். பிந்தினால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

மேல் நிலையத்தில் இறங்கியதும் எல்லோரும் ஏரிக்குப் போகும் அகலப் பாதையில் திரும்புவார்கள். நீங்கள் இடப்பக்கம் ஹொய்பெர்க் பாதையைப் பிடியுங்கள். ஹொய்பெர்க், ஓபர்பேர்க்லி, உன்டர்பேர்க்லி வழியாகக் கரைக்கு வர, நிற்காமல் நடந்தால் சுமார் மூன்று மணி நேரம். ஏரி முழுதும் காலடியில் கிடக்கும், எதிரே ப்ளூம்லிஸால்ப் பனிமலை. இந்தக் காட்சி கீழே கிடைக்காது. ஓபர்பேர்க்லியிலிருந்து இறங்கும் பகுதி செங்குத்து. மழைக்குப் பின் கல் வழுக்கும். பிடிமானமுள்ள மலைச் சப்பாத்து இல்லாமல் போகாதீர்கள். பெரும்பகுதி நிழலில்லை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும்.

நீச்சல்தான் கவனம் வேண்டிய இடம். வருவது பனியாறு உருகிய நீர். வெயில் நீடித்தால் மேல்மட்டம் 20 டிகிரியை நெருங்கும்; ஓரடி கீழே கால் போனாலே சில்லென்று தெரியும். குதிக்காதீர்கள், திடீர்க் குளிரில் மூச்சு தானாக இழுக்கும், அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் ஆபத்து. இடுப்பளவில் நின்று முகம், கழுத்து நனைத்து, மூச்சு சீரான பிறகு கரையோரமாகவே நீந்துங்கள். அடியெல்லாம் கல், ரப்பர் செருப்பு உதவும். பத்து நிமிடம் போதும். வெளியே வந்த பிறகும் உடல் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். ஈர உடையை உடனே மாற்றி, கம்பளிச் சட்டை போட்டு, பிளாஸ்கில் கொண்டுபோன இஞ்சித் தேநீரைக் குடியுங்கள்.

வாடகைத் துடுப்புப் படகு எடுக்க வேண்டியதே. படகிலிருந்து நீரில் இறங்கினால் பின்பக்கமாகவே ஏறுங்கள். பக்கவாட்டில் தொங்கினால் கவிழும்.

ஏரிக்கு மேற்பரப்பில் வடிகால் இல்லை. முன்பு மலை சரிந்து அணைபோல் மறித்ததில் உருவான ஏரி என்பதால் அந்த இடிபாடுகளின் ஊடே நீர் கசிந்து வெளியேறும். அதனால் கோடைத் தொடக்கத்தில் அகலமாக இருக்கும் கல் கரை, நீர்மட்டம் ஏற ஏறச் சுருங்கிவிடும். ஏரிக்கு மேலே ஸ்பிட்ஸே ஸ்டை பாறைச்சரிவு இன்னும் நகர்கிறது. மூடிய பாதைப் பலகைகளைத் தாண்டவே வேண்டாம்.

பிற்பகலில் இடி கேட்டால் நீரைவிட்டு வெளியேறுங்கள். கடைசிக் கொண்டோலா நேரத்தை ஏறும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தவறினால் களைத்த முழங்காலோடு ஊர்வரை சுமார் 400 மீட்டர் இறக்கம்.