எக்லிப்ஸ் பில்ட் தாவல்: விடுபட்ட ஒரு டிக்

எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதும் கருவியில் செருகுநிரல் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், செருகுநிரலின் விவரக் கோப்புகளைப் படிவங்களாகக் காட்டும், பல தாவல்கள் கொண்ட அந்த மேனிஃபெஸ்ட் எடிட்டரைப் பழகிக்கொள்வதா, கோப்புகளைக் கையாலேயே எழுதிவிடுவதா என்று கேட்டிருக்கிறார். சென்ற மாதம் கேட்டிருந்தால் எடிட்டரைப் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இப்போது கேட்டது அவர் நேரம்.

புகழ வேண்டியதை முதலிலேயே புகழ்ந்துவிடுகிறேன். எக்ஸ்டென்ஷன்ஸ் தாவலை வடிவமைத்தவர்களைக் கும்பிடலாம். ஓர் எக்ஸ்டென்ஷன் பாயிண்டை, அதாவது செருகுநிரல் வந்து பொருந்தும் இடத்தை, தேர்ந்தெடுத்தால், என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்று வரையறுக்கும் அதன் ஸ்கீமா கோப்பைப் படித்து அதற்கான படிவத்தைத் தானே வரைந்துகொள்கிறது. கட்டாயக் கட்டங்களுக்கு நட்சத்திரக் குறி இருக்கிறது. கிளாஸ் பெயர் கேட்கும் இடத்தில் லேபிளைச் சொடுக்கினால், இல்லாத கிளாஸை உருவாக்கித் தர முன்வருகிறது. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய செருகுநிரலானாலும், ஸ்கீமா மட்டும் இருந்தால் இதே உபசாரம்தான்.

என் கோபமெல்லாம் பில்ட் தாவல் மேல். அங்கே இரண்டு கோப்பு மரங்கள் அருகருகே நிற்கும். இடப்பக்க மரத்தில் டிக் போட்டவைதான் ஏற்றுமதியாகும் ஜாரில், அதாவது வாடிக்கையாளருக்குப் போகும் பொதியில், சேரும். அந்த டிக், பில்ட்.பிராப்பர்ட்டீஸ் கோப்பில் பின்.இன்க்ளூட்ஸ் என்ற பட்டியலாகப் பதிவாகிறது. புதிதாக ஐகான் கோப்புறை ஒன்றைச் சேர்த்தால், அது டிக் இல்லாமல் வந்து உட்காரும். சோதனைக்காக இன்னொரு எக்லிப்ஸை ஓட்டிப் பார்த்தால் எல்லா ஐகான்களும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அது திட்டக் கோப்புறையிலிருந்தே நேராகப் படிக்கிறது. வாடிக்கையாளரின் கணினியிலோ ஐகான் இருக்க வேண்டிய இடத்தில் சின்னஞ்சிறு சிவப்புச் சதுரம். பிளக்இன்.எக்ஸ்எம்எல் கோப்பு அந்தப் பட்டியலில் விடுபட்டால் மஞ்சள் எச்சரிக்கை காட்டத் தெரிந்த கருவி, ஜாவா நிரல் எடுத்துப் பயன்படுத்தும் படம் விடுபட்டால் மூச்சு விடுவதில்லை. மேவன் என்ற கட்டுமானக் கருவி வழியாகச் செருகுநிரலைக் கட்டும் டைக்கோவுக்கு மாறினாலும் தப்ப முடியாது. அதுவும் இதே பட்டியலைத்தான் படிக்கிறது.

நியாயமாகவும் பார்க்க வேண்டும். 2004-இல் வந்த எக்லிப்ஸ் 3.0 பதிப்பு, ஜாவா நிரல்களைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து இணைக்கும் ஓஎஸ்ஜிஐ அடித்தளத்துக்கு மாறியது. இன்று செருகுநிரல் பற்றிய தகவல்கள் மேனிஃபெஸ்ட், பிளக்இன்.எக்ஸ்எம்எல், பில்ட்.பிராப்பர்ட்டீஸ் என மூன்று கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே சாளரத்தில் தருவது லேசான வேலை அன்று. வேண்டாத குப்பை வாடிக்கையாளருக்குப் போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கையும் புரிகிறது. ஆனால் விஎஸ் கோட் என்ற இன்னொரு நிரல் எடிட்டரின் செருகுநிரல்களில் வழக்கமான முறை நேர் எதிரானது: விலக்க வேண்டியவற்றைத்தான் பட்டியலிடுகிறோம். அங்கே மறதி வந்தால் பொதி பருக்கும், அவ்வளவுதான். எது காணாமல் போனால் பயனர் தவிப்பாரோ, அது தானாகவே உள்ளே இருக்க வேண்டாமா?

ஆகவே நண்பரே, எக்ஸ்டென்ஷன்ஸ் தாவல் எவ்வளவுதான் அருமையாக இருந்தாலும், எடிட்டரை மூடிவிட்டு மூன்று கோப்புகளையும் கையாலேயே எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் வேறு பதில் சொன்னாலும் சொல்வேன். எப்படி எழுதினாலும், ஜாரை அனுப்பும் முன் பிரித்துப் பாருங்கள். அது வெறும் ஜிப் கோப்புதான்.