மேல் முன்பல் பிறவியிலேயே இல்லையென்றால்: இடைவெளியை மூடுவதா, விரித்து வைப்பதா?

மேல்வரிசையில் நடுப்பற்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய பல் சிலருக்கு முளைப்பதே இல்லை. கோரைப்பல்லை முன்னே இழுத்து அந்த இடைவெளியை மூடலாம். அல்லது இடத்தை விரித்துவைத்துப் பின்னர் செயற்கைப் பல் வைக்கலாம். முதல் பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சிறு பிடி) ஒட்டும் முன்பே இது முடிவாக வேண்டும். பாதியில் மாற்றினால் பற்களை வந்த வழியே திருப்ப மாதக்கணக்காகும். வேர்நுனி கரையும் அபாயமும் கூடும்.

மூடினால், சொந்தப் பல்லே நிற்கும்; 13 வயதுப் பிள்ளை வளர்ந்து முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் கோரைப்பல் அகலமானது, கூரானது, கொஞ்சம் மஞ்சளானது. நுனியைத் தேய்த்து, மூலைகளைக் காம்போசிட்டால் (பல் நிறத்தில் ஒட்டும் பூச்சு) நிரப்ப வேண்டும். பலர் கோட்டைவிடுவது ஈறு விஷயத்தில்தான். அந்த இடத்தில் ஈறு, நடுப்பல்லின் ஈறைவிட அரை முதல் 1 மி.மீ. கீழே நிற்க வேண்டும். அதனால் பிராக்கெட்டை நுனியிலிருந்து அளக்காமல் ஈறிலிருந்து அளந்து ஒட்டி, பல்லைக் கீழே இறக்கி, இறங்க இறங்கத் தேய்க்க வேண்டும். பின்னால் வரும் முன்கடைவாய்ப்பல்லை மேலே ஏற்றி, காம்போசிட்டால் நீட்டினால் அது கோரைப்பல்லாகத் தெரியும்.

மேல்பல் துருத்தியிருந்தாலும், கீழ்வரிசை நெருக்கத்துக்காகப் பல் எடுக்கவேண்டி வந்தாலும் மூடுவதே எங்கள் தேர்வு. கீழ்த்தாடை முந்தி நிற்பவர்களுக்கு மூடக்கூடாது. மேல்வரிசை இன்னும் உள்ளே போய்விடும்.

விரிப்பதற்குக் கம்பியில் ஸ்பிரிங் போடுவார்கள். 3.5 மி.மீ. இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்புக்குள் பதிக்கும் திருகு), இருபுறமும் 1.5 மி.மீ. எலும்பு: ஆக 6.5 மி.மீ. வேண்டும். பல்முனையில் அளந்தால் போதாது, வேர்களுக்கு நடுவிலும் அவ்வளவு இடம் வேண்டும். கம்பியைக் கழற்றும் முன் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பல்முனையில் இடம் தாராளமாகத் தெரியும்போதே வேர்கள் உள்ளே சாய்ந்து நெருங்கியிருக்கும்.

வளரும் வயதில் இம்ப்ளான்ட் வைக்கவே கூடாது. அது எலும்போடு ஒட்டி நின்றுவிடும். பக்கத்துப் பற்கள் கீழிறங்க, அது மட்டும் குட்டையாகத் தங்கும். அதுவரை, சிகிச்சையின்போது கம்பியில் கட்டிய பொய்ப்பல். முடிந்தபின் ஒற்றை இறக்கை ஒட்டுப் பாலம்: பொய்ப்பல்லின் ஒரு பக்க இறக்கையைப் பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டுவது. இரட்டை இறக்கையில் ஒன்று விடுபட்டாலும் மற்றது பிடித்திருக்கும். விடுபட்டது தெரியாமலே அதன் அடியில் சொத்தை விழும்.

பொய்ப்பல் பொருத்திய ரிடெய்னரை (பற்கள் நகராமல் இருக்கக் கழற்றி மாட்டும் கருவி) மட்டும் நம்பி வருடக்கணக்கில் காத்திருப்பது ஆபத்து. போடாமல் விட்டால் இடம் சுருங்கும். ஒழுங்காகப் போட்டாலும் வேர்கள் மெல்ல நெருங்கலாம். அப்புறம் இம்ப்ளான்ட்டுக்காக மறுபடியும் கம்பி கட்ட வேண்டிவரும்.