மார்பை முழுவதும் எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா?

மார்பகப் புற்றுநோய் தொடக்க நிலையிலேயே தெரியவந்தாலும், வடசென்னையின் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "மொத்தமா எடுத்துடுங்க, அப்பத்தான் திரும்ப வராது" என்பதாகவே இருக்கிறது. இந்த நம்பிக்கை மருத்துவத்திலிருந்தே வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நெறிகட்டிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) சேர்த்து அகற்றும் முறையைப் பரப்பினார். பல பத்தாண்டுகளுக்கு அதுவே நடைமுறையாக இருந்தது.

1970களில் இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் நடத்திய ஆய்வுகள் அதை மாற்றின. 2002இல் வெளியான அவற்றின் 20 ஆண்டு முடிவுகளின்படி, மார்பை முழுவதும் இழந்தவர்களும், கட்டியையும் அதைச் சுற்றிய பகுதியையும் மட்டும் இழந்தவர்களும் ஒரே அளவு ஆயுளோடு இருந்தார்கள். ஆனால் ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு பெறாதவர்களில் சுமார் 39 சதவீதத்தினருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. பெற்றவர்களில் அது 14 சதவீதம். ஆகவே நம் பக்கத்தில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சையை முழுவதும் முடித்தால்தான் இரண்டாவது வழி முதலாவதற்கு ஈடாகும்.

நம் பகுதிப் பெண்கள் தயங்குவதும் இந்தக் கரண்டுக்காகத்தான். திருவொற்றியூரிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வரை தினமும் போய்வருவதென்றால் அன்றைய கூலியை மறந்துவிட வேண்டும். முன்பு வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரங்கள், அதாவது 25 முறை போக வேண்டியிருந்தது. பிரிட்டன் ஆய்வுகளுக்குப் பிறகு அது 15 முறையாகச் சுருங்கியது. 2020இல் வெளியான ஆய்வொன்று, தகுந்த நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் 5 முறை போதும் என்று காட்டியது. அலைச்சலுக்கு அஞ்சி மார்பை இழப்பதற்கான காரணம் இதனால் பெரிதும் வலுவிழந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். தவிர, கட்டி பெரிதாகவோ நெறிகட்டிகளில் நோய் பரவியோ இருந்தால், மார்பை முழுவதும் எடுத்த பிறகும் கரண்ட் வைக்க வேண்டியிருக்கும். இதைப் பலருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஒரே மார்பின் வெவ்வேறு பகுதிகளில் கட்டிகள் இருந்தாலோ, அங்கே முன்பே கதிர்வீச்சு பெற்றிருந்தாலோ, முழுவதும் எடுப்பதே பெரும்பாலும் ஏற்றது.

அக்குள் அறுவையையும் தனியே விசாரிக்க வேண்டும். நெறிகட்டிகளை மொத்தமாக எடுத்தால் சிலருக்குக் கை நிரந்தரமாக வீங்கும். மீன் விற்கும் பெண் அன்னக்கூடை தூக்கும் கை அது; மீன் அரியும்போது குத்தும் சிறு முள்கூட வீங்கிய கையில் காய்ச்சலோடு கூடிய தொற்றாக மாறக்கூடும். அக்குளில் நெறிகட்டி வீங்கித் தென்படாதவர்களுக்கு, கட்டியிலிருந்து வரும் நிணநீர் முதலில் சேரும் ஓரிரு நெறிகட்டிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை இப்போது உண்டு. அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை.

கட்டி பெரிதாக இருப்பதாலேயே மார்பை எடுக்கச் சொன்னால், கீமோவை முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்க முடியுமா என்று கேட்கலாம். கட்டி ஹார்மோனாலோ ஹெர்2 என்ற புரதத்தாலோ தூண்டப்படுகிறதா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 சோதனைகளின் முடிவைப் பார்த்தே மருத்துவர் அதற்குப் பதில் சொல்ல முடியும் என்பதால், அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே, ஊசி மூலம் எடுத்த சதைத்துணுக்கில் அந்தச் சோதனைகளைச் செய்துவிட வேண்டும்.