‘அருமை கவிஞரே!’ – இணையக் கவிதைக் குழுக்களில் சில ஆண்டுகள்

2020 ஊரடங்கில் ஆளுக்கொரு வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் மாடியில் தக்காளி வளர்த்தார்கள், சிலர் யூடியூபில் சமைத்தார்கள், நானும் இன்னும் பலரும் கவிதைக் குழுக்களில் சேர்ந்தோம். முகநூலில் ஆயிரக்கணக்கானோர் இருக்கும் போட்டிக் குழு ஒன்று, வாட்ஸ்அப்பில் ஹைக்கூ குழு ஒன்று, மரபுக்கவிதைக் குழு ஒன்று என்று மூன்று வகையிலும் காலை வைத்தேன். இன்று நான் தினமும் எட்டிப்பார்ப்பது கடைசியில் சொன்னதை மட்டும்தான். மற்ற இரண்டிலும் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். புத்தகம் போடாத, பத்திரிகையில் வராத, வேலை நேரம் போக எழுதுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

முதலில் போட்டிக் குழு. திங்கள்கிழமை தலைப்பு வரும்: ‘அன்னை’, ‘உழவன்’, ‘நிலவே நீ’. பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான். பதினாறு வரிக்கு மிகாமல் எழுத வேண்டும், ‘இது என் சொந்தப் படைப்பே என உறுதியளிக்கிறேன்’ என்று அடியில் போட வேண்டும். ஞாயிறன்று சான்றிதழ். தாமரைக் கரை, மேலே வள்ளுவர் படம், நடுவில் நம் புகைப்படம், கீழே நிறுவனர், தலைவர், ஒருங்கிணைப்பாளர், நடுவர் என்று நான்கு கையெழுத்து. யாரும் தோற்பதில்லை. முதல் மூன்று பேருக்கு ஒரு பட்டம், மற்றவர்களுக்குச் சற்றுச் சிறிய பட்டம்.

இதைக் கேலி செய்வது சுலபம். நானும் கொஞ்ச நாள் கேலி செய்தேன். ஆனால் பள்ளிப் படிப்போடு நின்றுபோன ஒரு அக்கா தன் முதல் சான்றிதழை அச்செடுத்து, சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டிப் படம் பிடித்துப் போட்டிருந்தார். அதற்கப்புறம் கேலி செய்யத் தோன்றவில்லை. எழுதவே தயங்குகிறவரை எழுத வைப்பதில் இந்தக் குழுக்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. என் புகார் அடுத்த கட்டத்தைப் பற்றியது. கவிதை போட்ட நிமிடத்தில் ‘அருமை கவிஞரே’, ‘சிறப்பு’, ‘வாழ்த்துகள் தோழமையே’ என்று வரிசையாக வந்துவிடும். அவர்களும் கவிதை போட்டிருக்கிறார்கள் அல்லவா? நாம் போய் ‘அருமை’ போட்டால்தான் அடுத்த வாரமும் அவர்கள் வருவார்கள். மொய் எழுதுவது போலத்தான். வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டும். ஒருமுறை அவசரத்தில் என் கவிதையின் கடைசி நான்கு வரிகள் ஒட்டாமல் விடுபட்டு, பாதியில் அந்தரமாக நின்றது. அதற்கும் ‘முடிவு நெஞ்சைத் தொட்டது’ என்று பின்னூட்டம் வந்தது.

காசு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் பழகியபின் ‘தொகுப்பு நூல்’ என்று அழைப்பு வரும். நூறு கவிஞர்கள், ஆளுக்கு இரண்டு பக்கம், அதற்கு ஒரு கட்டணம், விழாவில் பொன்னாடை. புத்தகம் வேண்டுமென்றால் தனியாக விலை. ‘உலக சாதனைக் கவியரங்கம்’ என்றும் நடக்கும். அதற்குப் பதிவுக் கட்டணம் உண்டு. பணம் கொடுத்துச் சேர்வது அவரவர் விருப்பம், குற்றம் ஒன்றுமில்லை. நான் சேர்ந்த ஒரு தொகுப்பில் மெய்ப்பு பார்க்கவே இல்லை. என் கவிதையில் ‘மனம்’ எல்லாம் ‘மணம்’ ஆகி, ஒரு சோகப் பாட்டு கல்யாணப் பாட்டாக மாறியிருந்தது. சேருகிறவர்கள் அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புப் படி கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

ஹைக்கூ குழு வேறு மாதிரி. ஆட்கள் நிறையப் படித்தவர்கள், பேச்சும் சுவாரசியமாக இருக்கும். பாரதி 1916லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியதை மாதம் ஒருமுறையாவது யாராவது எடுத்துப்போடுவார்கள். 5-7-5 அசைக் கணக்கு தமிழுக்கு வேண்டுமா, மூன்றாவது வரியில் திருப்பம் இருந்தே ஆக வேண்டுமா என்ற சண்டை ஓயாது. சிக்கல் என்னவென்றால் மூன்று வரி எழுத மூன்று நிமிடம் போதும். காலையில் கண்விழித்துப் பார்த்தால் அறுபது, எழுபது ஹைக்கூ வரிசையில் நிற்கும். எல்லாவற்றிலும் ஒரு நிலா, ஒரு குளம், ஒரு பிச்சைக்காரர் தட்டு. நல்லது இரண்டு இருந்தாலும் அந்தக் குவியலில் காணாமல் போகும். 2022ல் வாட்ஸ்அப்பில் செய்திக்கு அடியிலேயே பொம்மை ஒட்டும் வசதி வந்தபின், அதுவரை ஒரு வரியாவது எழுதிக்கொண்டிருந்தவர்களும் கைதட்டும் பொம்மையோடு நிறுத்திக்கொண்டார்கள். அறிவிப்பை அணைத்துவைத்து, எப்போதாவது போய்ப் படிக்கிறேன்.

சரி, மரபுக்கவிதைக் குழுவுக்கு வருகிறேன்.

இங்கே வாரம் ஒரு ஈற்றடி, அதாவது பாட்டின் கடைசி அடி, தருவார்கள், நாம் வெண்பாவாக முடிக்க வேண்டும். புலவர்களிடம் ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வது காளமேகம் காலத்திலிருந்து நாம் கேட்டுவரும் விளையாட்டுதான். இப்போது கைபேசியில் நடக்கிறது. ‘காரிகை கற்றுக் கவிபாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல்’ என்று பழமொழியே இருக்கிறது (காரிகை என்பது செய்யுள் இலக்கண நூல்), அதனால் கூட்டம் குறைவு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர், வளைகுடாவில் செவிலியராக இருக்கும் ஒரு தங்கை, யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், வங்கிக்காரர்கள் சிலர், ஒரு லாரி பட்டறை முதலாளி. பாராட்டு எப்போதாவதுதான் வரும். வேலை மட்டும் தவறாமல் வரும்.

ஒரு உதாரணம் காட்டினால்தான் புரியும். சீர் என்பது அடியின் ஒரு துண்டு, தளை என்பது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை. சீருக்குள் இருக்கும் அசை இரண்டு வகை: ஒற்று நீங்கலாக, ‘வைத்’ போல ஓரெழுத்தாக ஒலிப்பது நேர், ‘பர’ போலக் குறிலில் தொடங்கி இரண்டெழுத்தாக ஒலிப்பது நிரை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். ஒரு வாரம் குறள் வெண்பாவுக்குத் தந்த ஈற்றடி: ‘மழைநின்ற பின்னும் துளி’. பட்டறைக்காரர் இப்படி எழுதிப் போட்டார்:

பழைய குடையைப் பரணில் வைத்தேன்
மழைநின்ற பின்னும் துளி

ஐந்து நிமிடத்தில் ஐயா அந்தச் செய்தியை இழுத்துப் பதில் போட்டார்: ‘மூன்றாம் சீருக்கும் நான்காம் சீருக்கும் நடுவே தளை தட்டுகிறது. பரணில் மாச்சீர். அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். வைத்தேன் நேரில் தொடங்குகிறது.’ அவ்வளவுதான், அருமையும் இல்லை, வாழ்த்தும் இல்லை. செவிலியர் தங்கை ‘செருகினேன்’ போடலாமே என்றார். அது அந்த இடத்தைச் சரிசெய்யும், ஆனால் விளச்சீராகிவிடுவதால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும், நிரையில் தொடங்கும் ‘மழை’யோடு இடிக்கும். வங்கிக்காரர் ஒருவர் ‘எறிந்தேன்’ என்றார். இலக்கணப்படி கச்சிதம். பட்டறைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘அது அப்பாவோட குடைங்க. எறிய மாட்டேன்’ என்று எழுதினார். குழு சற்று நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் யாழ்ப்பாணத்து அக்காதான் வழி சொன்னார்:

பழைய குடையைப் பரணில்வைத் தாலும்
மழைநின்ற பின்னும் துளி

‘வைத்தாலும்’ என்பதைச் சீருக்காக இரண்டாகப் பிளந்திருக்கிறது, வகையுளிதான். ஆனால் தளை ஓடுகிறது. அதைவிட முக்கியம், முதலில் இரண்டு தனித்தனிச் செய்திகளாகக் கிடந்த அடிகள் இப்போது ஒட்டிக்கொண்டன. குடையை ஒளித்துவைத்தாலும் சொட்டுகிறது. யார் குடை என்று தெரிந்தவர்களுக்கு எது சொட்டுகிறது என்பதும் தெரியும். இலக்கணப் பிழையைத் திருத்தப் போய்க் கவிதை கிடைத்தது. ‘உணர்வுபூர்வம், அருமை’ என்று முப்பது பேர் சொல்லியிருந்தால் அந்த ‘வைத்தேன்’ அப்படியே இருந்திருக்கும்.

இங்கே இன்னொரு வழக்கமும் எனக்குப் பிடிக்கும். பிடித்த வெண்பாவுக்குப் பதிலை வெண்பாவிலேயே போடுவார்கள். அன்று இரவு ஐயா போட்டது:

தழையடர் வேம்பின் தலையசைப் பெல்லாம்
மழைநின்ற பின்னும் துளி

பட்டறைக்காரரின் கவிதையைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் ஒரு மனிதர் தன் கவிதையைப் படித்து, அரைநாள் யோசித்து, அதே ஈற்றடிக்கு இன்னொரு கதவைத் திறந்து காட்டினார் என்றால், அதைவிட என்ன விமர்சனம் வேண்டும்? விடுமுறை நாட்களில் அந்தாதித் தொடர் ஓடும். ஒருவர் முடித்த சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும் என்பதால் முந்தைய பாட்டைப் படிக்காமல் தப்பவே முடியாது.

குறைகள் இல்லாமல் இல்லை. தளை பார்த்துப் பார்த்து, பொருளைப் பார்க்க மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எதுகைக்காக எங்கிருந்தோ ஒரு சொல்லைப் பிடித்துவந்து உட்கார வைப்பார்கள். சீர் கச்சிதமாக இருக்கும், படித்தால் ஒன்றும் நிற்காது. பெண்கள் காதலைப் பற்றி எழுதினால் அறிவுரை சொல்ல ஒரு கூட்டம் வருவதும், ஆண்கள் எழுதினால் வராததும் இங்கேயும் உண்டு. ஈழத்து வழக்குச் சொற்களைப் ‘பிழை’ என்று திருத்த வந்த ஒருவருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவுக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஐயா அக்கா பக்கம் நின்றதால் தப்பித்தோம்.

கருவி சம்பந்தமாகச் சில வார்த்தை. வினோத் ராஜன் உருவாக்கிய அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருள் இணையத்தில் இருக்கிறது. பாட்டை ஒட்டினால் அசை, சீர், தளை பிரித்து, என்ன பா என்றும் சொல்லும். போடும் முன் அதில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஐயாவின் நேரம் மிச்சம். அண்மையில் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிப் போடுகிறவர்கள் வந்துவிட்டார்கள். புதுக்கவிதைக் குழுக்களில் கண்டுபிடிப்பது கஷ்டம். எங்கள் குழுவில் இதுவரை வந்தவை முதல் அடியிலேயே தளை தட்டி மாட்டிக்கொண்டன.

கைபேசித் திரையும் வெண்பாவுக்கு எதிரி. எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவருக்கு நாற்சீர் அடி ஒரு வரியில் அடங்காது. நான்காம் சீர் மடிந்து கீழே விழும், நான்கு அடி ஏழு வரியாகத் தெரியும். விசைப்பலகையின் தானியங்கித் திருத்தம் ‘பரணில்வைத் தாலும்’ என்பதைச் சேர்த்துவைக்கத் துடிக்கும், அதை அணைத்துவிடுவது உத்தமம். வாட்ஸ்அப்பில் 2023 முதல் அனுப்பியதைத் திருத்தலாம், ஆனால் பதினைந்து நிமிடத்துக்குள். ஐயா அதற்குள் பார்த்தால் உண்டு. இல்லையென்றால் திருத்திய வடிவத்தைப் புதிதாகத்தான் போட வேண்டும். அதனால் ஒரே பாட்டு நான்கு வடிவங்களில் உலவும். எது கடைசி வடிவம் என்று எழுதியவருக்கே மறந்துபோகும். தனியாக ஒரு கோப்பில் தேதி போட்டுச் சேமியுங்கள்.

படமாகப் போடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்வேன். ரோஜா, சூரியோதயம் பின்னணியில் கவிதையைப் பதித்துப் போடுவது அழகுதான். எங்கள் குழுவில் பார்வைத்திறன் இல்லாத நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கைபேசி எழுத்தை வாசித்துக் காட்டும். படம் வந்தால் ‘படம்’ என்று மட்டும்தான் சொல்லும். படமாகப் போட்டால் திருட முடியாது என்பார்கள். எழுத்தாகப் போட்டால் பெயரை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள் என்பது உண்மைதான், என்னுடையதே ‘படித்ததில் பிடித்தது’ என்று என் சித்தப்பாவிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. ஆனால் படத்தையும் கீழ்ப்பகுதியை வெட்டி அனுப்பத்தான் செய்கிறார்கள். குரல் பதிவு இதற்கெல்லாம் மேல். வெண்பாவை வாய்விட்டுச் சொல்லிப் போட்டால் தளை தட்டும் இடம் காதுக்கே தெரிந்துவிடும், அந்த நண்பர்தான் எங்களில் முதலில் கண்டுபிடிப்பார்.

யாருக்கு எது என்று கேட்டால்: எழுதியதை யாரிடமும் காட்டிப் பழக்கமில்லை என்றால் போட்டிக் குழுவில் தொடங்குங்கள், சில மாதங்களில் கூச்சம் போய்விடும். அதற்கு மேல் அங்கே இருந்தால் சான்றிதழ்தான் சேரும். படிக்கப் பிடிக்கும், எழுதுவது எப்போதாவது என்றால் ஹைக்கூ குழு போதும். எழுத்தைச் செதுக்க வேண்டும் என்றால் மரபுக்கவிதை தெரியாவிட்டாலும் சிறிய குழுவாகப் பாருங்கள். புதுக்கவிதை எழுதுகிறவர்களும் பத்துப் பேராகச் சேர்ந்து, வாரம் ஒருவர் கவிதையை மட்டும் எடுத்துப் பேசினால் இதே பலன் கிடைக்கும், தெரிந்தவர்கள் செய்கிறார்கள்.

சேர்ந்ததும் உடனே எதையும் போடாமல் சில நாள் சும்மா இருந்து கவனியுங்கள். யாராவது அடுத்தவரின் ஒரு வரியை எடுத்துக்காட்டி, இது ஏன் இப்படி என்று கேட்கிறார்களா, கேட்கப்பட்டவர் கோபப்படாமல் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் நடந்தால் தங்கலாம். நடக்கவில்லையென்றால் சங்கடப்படாமல் வெளியேறுங்கள். 2022லிருந்து வாட்ஸ்அப்பில் யார் வெளியேறினாலும் குழுவுக்கே தம்பட்டம் அடிப்பதில்லை, அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும்.