நெல்லை நிலாவாரை: ஐரோப்பாவா, அமெரிக்காவா, ஜப்பானா?

"இலையைப் பேல் கட்டி அனுப்பினது போதும் அண்ணாச்சி, மருந்துக் கம்பெனியாவே வெளிநாட்டுக்குப் போயிரலாம்னு பார்க்கேன். முதல்ல எங்க போக?" பாளையங்கோட்டைப் பக்கம் நிலாவாரை (சென்னா) இலையிலிருந்து மலச்சிக்கல் மருந்துக்கான சத்தைப் பிரிக்கிற எக்ஸ்ட்ராக்ட் ஆலை ஒன்றைச் சின்னதாக வைத்திருக்கும் தம்பி கேட்டது இது. பெரிய சந்தை எது என்பதை அப்புறம் பார்ப்போம், அந்த நாட்டில் லைசென்ஸ் யார் பெயரில் இருக்கும் என்பதை வைத்துத்தான் நான் இதை எடை போடுவேன்.

ஐரோப்பாவில் நமக்குப் பெயர் இருக்கிறது. அங்குள்ள மருந்துத் தரநூலில் 'டின்னவேலி' என்று நம் ஊர்ப் பெயரிலேயே நிலாவாரைக் காய்க்குத் தனிப் பகுதி இருந்தது. மலச்சிக்கலுக்கு இது வேலை செய்யும் என்பதை ஐரோப்பிய மருந்து முகமை ஏற்றுக்கொண்டதால், நோயாளிகளை வைத்து முதலிலிருந்து சோதனை நடத்த வேண்டியதில்லை. ஆனால் மருந்தின் அனுமதி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் முகவரி உள்ள நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். எக்ஸ்ட்ராக்ட் மருந்து மூலப்பொருள் கணக்கில் வருவதால் ஜிஎம்பி (நல்ல தயாரிப்பு முறைக்கான தரவிதி) வேண்டும், 2013 முதல் இந்திய அரசின் எழுத்துச் சான்றும் கூடவே போக வேண்டும்.

இதையெல்லாம் விடப் பெரிய தலைவலி களை. தேள்கொடுக்குச் செடி நிலாவாரைக்கு நடுவே முளைத்து அறுவடையில் இலையோடு சேர்ந்து வந்தால், அதிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு மருந்துக்குள் போய்விடும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் வரம்பு ஒரு நாளைக்கு 1 மைக்ரோகிராம். கிராம் கணக்கில் எடை போட்டுப் பழகிய நமக்கு இது கண்ணுக்கே தெரியாத அளவு, அதனால் ஆள் விட்டுக் கையால் களை பறித்துத்தான் ஆக வேண்டும், சாத்தான்குளம், விளாத்திகுளம் பக்கம் மானாவாரியில் போடுகிறவரிடம் அந்தக் கூலியை யார் தருவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். மருந்து வேண்டாம், உணவுப் பொருளாக டீ விற்கலாம் என்றால் அங்கேயும் இடி: 2021இல் நிலாவாரையைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தார்கள்.

அமெரிக்கா வேறு மாதிரி. 2002இல் கற்றாழையையும் கஸ்காரா மரப்பட்டையையும் பேதி மருந்துகளிலிருந்து தூக்கிவிட்டார்கள், நிலாவாரை தப்பியது. மருந்துச் சீட்டில்லாமல் விற்கும் மாத்திரைக்கான விதிக்குள் நின்றால் புது மருந்து விண்ணப்பம் கிடையாது. உங்கள் ஆலையை உங்கள் பெயரிலேயே எஃப்டிஏவில் (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) பதியலாம், அங்கே ஒரு ஏஜென்ட் இருந்தால் போதும். மாத்திரை அடிக்கிற ஆலைக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, மூலப்பொருள் மட்டும் கொடுப்பவருக்கு அந்தச் சுமை இல்லை. வில்லங்கம் விலையில்தான். கடைகள் தங்கள் சொந்த பிராண்டில் மலிவாக விற்கிற சரக்கு இது, போதாததற்கு ராஜஸ்தான் இலையும் போட்டிக்கு நிற்கிறது.

ஜப்பான் எனக்குப் பிடித்த நாடு, ஆனால் அவசரக்காரர்களுக்கு ஆகாது. வெளிநாட்டு ஆலை தனியாக அங்கீகாரம் வாங்க வேண்டும், சந்தையில் பொறுப்பேற்க அங்குள்ள ஒரு கம்பெனி வேண்டும். அவர்கள் தரநூல் இலையில் குறைந்தது 1.0 சதவீதம் சென்னோசைடு (நிலாவாரையில் பேதியாக்கும் சத்து) கேட்கிறது. வேடிக்கை என்னவென்றால் இலையும் காயும் அங்கே மருந்து, தண்டு மட்டும் உணவுப் பொருள், அதை டீயாகவே விற்கிறார்கள். இங்கே இலையை உருவிவிட்டுக் களத்து ஓரத்தில் ஒதுக்குகிற தண்டுதான் அது! ஆனால் ஒரு பையில் இலைத் துணுக்கு கலந்தாலும் சரக்கு மருந்துச் சட்டத்துக்குள் போய்விடும்.

தம்பிக்கு நான் சொன்னது அமெரிக்காதான், அதுவும் மாத்திரையாக வேண்டாம், அங்குள்ள மாத்திரைக் கம்பெனிக்குச் சென்னோசைடு கொடுக்கிறவராக. எஃப்டிஏ ஆய்வு ஒன்றைத் தாண்டிய ஆலையின் காகிதங்கள் டோக்கியோவில் பேசும்போதும் கை கொடுக்கும். ஜப்பானுக்கு இப்போதைக்குத் தண்டு மாதிரி அனுப்பிப் பார்க்கட்டும். ஐரோப்பாவுக்குப் போகிற இலையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது, ஆலையில் மாதச் சம்பளம் இன்றைக்கு அதில்தான் ஓடுகிறது.