வைரம் வாங்க மார்க்கெட் ஸ்திரீட்டா, கைப்பேசித் திரையா?

தம்பிக்கு நிச்சயதார்த்த மோதிரம், அம்மாவுக்கு ஏழுகல் தோடு. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன. தம்பி கோலாலம்பூரில் உட்கார்ந்த இடத்திலேயே மோதிரக் கல்லை இணையத்தில் எடுத்தான். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பினாங்கு லிட்டில் இந்தியாவின் மார்க்கெட் ஸ்திரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். யார் செய்தது புத்திசாலித்தனம் என்று இன்றுவரை வழக்கு நடக்கிறது. என் கட்சி இது: ஒற்றைப் பெரிய கல்லுக்கு இணையம், பல சிறு கற்கள் சேர்ந்த நகைக்குக் கடை.

முதலில் விலை. தம்பி தேடியது 70 சென்ட் வட்டக் கல், ஜி நிறம் (ஏறக்குறைய நிறமற்றது), வி.எஸ்.2 தெளிவு (உள்ளே சிறு குறைகள் மட்டும்). (100 சென்ட் சேர்ந்தால் ஒரு கேரட், எடையில் 0.2 கிராம்.) கடையில் 11,000 வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டிச் சொன்ன தரம், இணையத்தில் 8,000 சொச்சத்துக்குக் கிடைத்தது. இதில் மாயம் எதுவும் இல்லை. இணையக் கடைகள் காட்டும் கற்களில் பெரும்பாலானவை அவர்கள் கையில் இருப்பதே இல்லை. பட்டை தீட்டும் வியாபாரிகளின் சரக்குப் பட்டியலைத்தான் காட்டுகிறார்கள், நாம் பணம் கட்டிய பிறகு வரவழைக்கிறார்கள். அதனால் ஒரே கல் இரண்டு மூன்று தளங்களில் வேறு வேறு விலையோடு நிற்பதையும் பார்க்கலாம். உள்ளூர்க் கடைக்காரரோ முதலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் முடக்கி வைத்துக்கொண்டு, வாடகையும் கட்டி, நமக்கு மைலோவும் வாங்கித் தருகிறார்.

விலை மலிந்தால் போதுமா என்றால், அந்த அளவுக் கல்லுக்குப் பத்திரம் இருக்கிறதே, அதுதான் துணிச்சல் தருகிறது. அதைத் தருவது ஜி.ஐ.ஏ., கல்லின் தரத்தைச் சோதித்துச் சொல்ல 1931-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு. அங்கே உதிரிக் கல்லை மட்டும்தான் தரம் பிரிப்பார்கள், நகையில் பதித்துவிட்டால் தொடமாட்டார்கள். நிறத்துக்கு டி முதல் இசட் வரை எழுத்து, டி நிறமற்றது, போகப்போக மஞ்சள் கூடும். பத்திர எண்ணைக் கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்துத் தருவதும் உண்டு. அந்த எண்ணை அவர்களுடைய தளத்தில் போட்டால் முழு விவரமும் வரும். வட்டக் கல்லாக இருந்தால் பட்டையின் தரமும் பத்திரத்திலேயே இருக்கும். நிறத்தையும் தெளிவையும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பட்டையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒளியைத் திருப்பி அனுப்புவது அதுதான். மஞ்சள் தங்கத்தில் பதிக்கப்போகிறவர்கள் ஐ, ஜே நிறம்வரைகூட இறங்கலாம், தங்கத்தின் சாயலில் கல்லின் மஞ்சள் தெரியாது.

இதே பத்திரத்தைத் தோட்டுக்குக் கேட்டுப் பாருங்கள். காதுக்கு ஏழு, ஆக 14 கல். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. பத்து சென்ட் கல் ஒவ்வொன்றுக்கும் பத்திரம் வாங்கினால் நகையை விடக் காகிதக் கூலி கண்ணை உறுத்தும். எனவே இங்கே கண்தான் பத்திரம். பத்தர் பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டி, ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே உயரம் என்று 14 கல்லைச் சேர்த்தெடுத்ததைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு கல்லை அம்மாவே தள்ளிவிட்டார். எந்தத் திரையிலும் இது நடக்காது.

கடையில் ஏமாறும் இடம் விளக்கு. கூரையிலிருந்து குத்துகிற அந்த வெளிச்சத்தில் எந்தக் கல்லும் ஜொலிக்கும். கல்லை வாங்கிக்கொண்டு அஞ்சடிக்கு (கடை முன் நடைபாதை) வந்து, வெயில் நேரடியாகப் படாத நிழலில் பார்க்க வேண்டும். "அண்ணே, வெளிய கொண்டுபோய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டதற்கு, ஒரு கடையில் முகம் சுளித்தார்கள், நாங்கள் இறங்கிவிட்டோம். இன்னொன்று, பின்பக்கம் மூடிக் கட்டிய நகையில் கல்லின் அடி தெரியாது. திறந்த கட்டாகக் கேளுங்கள், அல்லது பதிக்கும் முன்பே கல்லைப் பாருங்கள்.

அம்மா போன கடையிலெல்லாம் கேட்டது "புளூ ஜாகர் இருக்கா?" என்றுதான். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தின் பெயர் நம் பாட்டிமார் வாயில் அப்படி ஆனது. அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டுவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. அந்தக் கற்களில் தெரியும் நீலச் சாயலுக்குக் காரணம் வெயிலின் புறஊதாக் கதிர் பட்டதும் கல் விடும் நீல ஒளிர்வு. பத்திரத்தில் இந்த ஒளிர்வுக்குத் தனி வரியே இருக்கிறது. இதில்தான் வேடிக்கை. பாட்டி தேடித் தேடி வாங்கிய குணத்தை இன்றைய சந்தை குறையாக எண்ணி விலையைக் குறைக்கிறது. ஒளிர்வு கடுமையாக இருந்தால் சில கற்கள் பால் கலந்தது போல் மங்கலாம், அதுதான் பயம். மங்காத கல்லாகப் பார்த்து எடுத்தால் அம்மாவின் ஆசையும் நிறைவேறும், பணமும் மிஞ்சும். அதற்கு வெயிலில் பார்க்க வேண்டும், ஆக மீண்டும் கடைதான்.

இரண்டு வழியிலும் ஒரே ஆபத்து, ஆய்வகத்தில் வளர்த்த கல்லை இயற்கைக் கல் என்று தலையில் கட்டுவது. அதுவும் வைரம்தான், போலி இல்லை. ஆனால் விலை மிகக் குறைவு, அதுவும் சில ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வருகிறது. கடைக்காரர் கல்லில் வைத்துக் காட்டும் பேனா மாதிரிக் கருவி கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்று மட்டும் பார்க்கிறது. வளர்த்த வைரம் அதில் தேறிவிடும், வைரம்போல் மின்னினாலும் வைரமே இல்லாத மாய்சனைட் என்ற கல்கூடச் சாதாரணக் கருவியில் தேறிவிடும். வளர்த்த வைரமா இயற்கையா என்பது உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் தெரியாது. ரசீதில் "இயற்கை வைரம்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத யோசிக்கிற கடையில் நீங்களும் யோசியுங்கள்.

திருப்பிக் கொடுப்பது இணையத்தில் எளிது என்பார்கள். தம்பி முதலில் எடுத்த கல் நடுவில் கறுப்பாகத் தெரிந்தது. கெடு முடியுமுன் அனுப்பினான், டாலரில் முழுப் பணமும் வந்தது. ஆனால் வங்கியின் மாற்றுக் கட்டணமும் இடையில் மாறிய நாணய விகிதமும் சேர்ந்து சில நூறு வெள்ளியைத் தின்றுவிட்டன. உள்ளூரில் தகராறு என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளிக் கட்டணத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள். அயல்நாட்டு விற்பனையாளரை அங்கே இழுத்து வருவது நடக்கிற காரியமா?

மறுவிற்பனை பற்றி ஒரே வார்த்தை: எதிர்பார்க்காதீர்கள். அடகுக்கடையில் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்தை நிறுப்பார்கள். வாங்கிய கடையே மாற்று நகைக்குக் கல்லை எடுத்துக்கொள்ளும் என்றால், எத்தனை விழுக்காடு கழிவு என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அம்மாவின் தோட்டுக்கு அப்படி வாங்கினோம்.

தம்பியின் கதையில் கடைசியாக ஒரு முடிச்சு. கல்லை மட்டும் வாங்கினால் பதிக்க ஆள் வேண்டுமே. தன் கடையில் வாங்காத கல்லைப் பதிக்க மாட்டோம் என்று இரண்டு கடையில் சொல்லிவிட்டார்கள். கல் உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி நியாயமானதுதான். கடைசியில் அம்மாவின் தோட்டைச் செய்த அதே பத்தர் ஒப்புக்கொண்டார். 916 (22 காரட்) தங்கம் மென்மையாக இருக்கும், கல்லின் பிடி தளரும், 750-இல் (18 காரட்) செய்யலாம் என்றார். வேலையைத் தொடங்கும் முன் உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் நீட்டி, "எண்ணைப் படிச்சுச் சொல்லும்மா, பத்திரத்துல உள்ளதுதானான்னு பார்த்துக்குவோம். முடிஞ்சதும் இன்னொரு தடவை படிக்கணும்" என்றார்.